பட்டியலில் இல்லாத அடி

அத்தியாயம் 9

அலமாரிக் கதவின் உட்பக்கம் அப்பா ஒரு தாளை ஒட்டியதோடு போன வாரம் நின்றது. அந்தத் தாள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சித்திக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அம்மா துணைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. அப்பா, அக்கா, நான் என்று மூன்று பேர் வீட்டில் இருக்கிறோம், மூன்று பேரும் சண்டை போடுகிறோம். முன்பும் போட்டோம்தான். ஆனால் அம்மா "போதும்" என்றால் அதோடு போதும். இப்போது அந்தச் சொல்லைச் சொல்ல ஆளில்லை.

"நடுவர் லீவுல போயிட்டாங்க. ஆட்டம் எல்லை மீறுது" என்பார் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் மாலை வகுப்பில் எங்கள் ஆங்கில ஆசிரியை 'பிலோ த பெல்ட்' என்ற தொடரைச் சொல்லிக்கொடுத்தார். குத்துச்சண்டையில் இடுப்பு வாருக்கு மேலேதான் குத்தலாம். கீழே குத்தினால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பேச்சிலும் அப்படி ஒரு கோடு உண்டு, அதற்குக் கீழே பேசுவதைத்தான் ஆங்கிலேயர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றுக்கும் ஓர் எச்சரிக்கைப் பலகை வேண்டும் அவருக்கு. ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள், சண்டையில் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக்கூடாத ஒன்று என்றார். கோடு போட்ட தாளில் நான்தான் எழுதினேன்.

ஒன்று, அப்பா: லிஃப்ட் பழுதுபார்க்கப் போய் அதே லிஃப்டுக்குள் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டது.

இரண்டு, நான்: ஒரே வகுப்பில் இரண்டு முறை தோற்றது.

மூன்று, அக்கா: பேசி முடித்து நின்றுபோன கல்யாணம்.

இந்த வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு நான் இந்தப் பட்டியலில் உள்ள எதையும் தொடவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

* * *

அக்கா பேருந்து நிலையத்தில் வேலை செய்கிறாள். நேர அட்டவணை எழுதும் பிரிவு. நான்கு வருடமாகப் பேசத் தேவையில்லாத வேலை. அங்கே அறிவிப்பு செய்கிறவரை எல்லோரும் 'மைக்கம்மா' என்பார்கள். மைக்கம்மா மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மூன்று பேரைப் பேச வைத்துப் பார்க்கப்போகிறார்கள். மூவரில் அக்காவும் ஒருத்தி. அன்று மதியம் ஒரு மணிக்கு.

அன்று மாலை எனக்கும் வகுப்பில் தேர்வு. ஐந்தரைக்கே எழுந்து சமையலறை மேசையில் உட்கார்ந்துவிட்டேன். நடையில் இருக்கும் கண்ணாடி முன் நின்று தலை வாரியபடி அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. தடம் எண் நாற்பத்தெட்டு, பேருந்து, ஆறாம் நடைமேடையிலிருந்து..."

நிறுத்தினாள். மறுபடியும்.

"பயணிகளின் கவனத்திற்கு..."

"அக்கா, கொஞ்சம் மெதுவா."

"மெதுவா சொன்னா மைக்குக்கு எப்படிப் பழகறது? மைக் என்ன என் மூக்குத்திக்குள்ளயா இருக்கு?"

"நாப்பத்தோரு தடவை ஆச்சு."

"எண்ணினியா?"

"காதுல விழுந்தா எண்ணாம எப்படி இருக்கறது?"

வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டே அவள் சிரித்தாள். "ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் ஏதாவது செய்வாங்க. நீ உக்காந்து எண்ணி எழுதிக்கோடி நோட்டு. உனக்கு அது போதும்."

நோட்டு என்பது அவள் எனக்கு வைத்த பெயர். எப்போதும் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருப்பதால்.

இது ஒன்றும் பெரிய பேச்சு இல்லை. என் இரண்டாம் எண்ணை எடுத்து அடிக்க அவளுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. எடுக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மையாக இருந்தது. அதனால் சுருக்கென்று தைத்தது.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். நடைக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில், அதே கண்ணாடி முன் நின்றேன். கண்களை இறுக மூடினேன். தாடையை லேசாக இடது பக்கம் தூக்கினேன்.

"ப... ப்ப... ப்ப... ப்ப... பயணிகளின்..."

அச்சு அசலாக வந்தது. பதினைந்து வயது அக்கா.

அவளுக்குத் திக்குவாய் இருந்தது. 'ப'வில் தொடங்கும் எந்தச் சொல்லும் உதட்டிலேயே நின்றுவிடும். அது போய்ப் பதினோரு வருடம். வெளியில் யாருக்கும் தெரியாது. பேருந்து நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கண்ணைத் திறந்தேன். கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேர்பின் இன்னும் வாயில் இருந்தது. அதை எடுத்து, தலையில் குத்தி, சீப்பை அதன் இடத்தில் வைத்தாள்.

அப்பா முகத்தில் பாதி நுரையோடு குளியலறை வாசலில் நின்றார்.

"என்ன செஞ்சே?"

"பட்டியல்ல இல்லையே அது" என்றேன்.

இதைச் சொன்னதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொன்னேன். அதுவும் உடனே, தயாராக வைத்திருந்தது போல.

அப்பா உள்ளே திரும்பிப் போனார். ரேசரைக் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா ஏழு மணிக்குக் கிளம்பினாள். செருப்பு மாட்டும்போது அப்பா கேட்டார்: "எத்தனை மணிக்கும்மா உன் முறை?"

அவள் ஒற்றை விரலைக் காட்டினாள்.

"சாப்பாடு எடுத்துக்கிட்டியா?"

தலையை ஆட்டினாள். கதவு மூடியது. ஆறேகாலிலிருந்து ஏழு வரை அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

* * *

கண்ணாடிக் கடையின் பின்னறையில் எனக்கு வேலை. ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். சக்கரம் சுற்றும், தண்ணீர் வழியும், கை நடுங்கக் கூடாது. பதினொன்றரைக்குள் இரண்டு லென்ஸை விளிம்பில் உடைத்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் மொத்தமே மூன்றுதான் உடைத்திருக்கிறேன்.

முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா."

"அப்ப சாப்பாட்டு நேரத்தை முன்னாடியே எடுத்துக்கோ. லென்ஸாவது பொழைக்கட்டும்."

பன்னிரண்டு இருபதுக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். கேபிள் உரசும் சத்தம் பின்னால் கேட்டது.

"அப்பா, நான் இப்பப் போய் அவகிட்ட மன்னிப்புக் கேக்கட்டுமா?"

"ஒரு மணிக்கு அவ பேசணும்."

"அதுக்கு முன்னாடிதான்பா. நாப்பது நிமிஷம் இருக்கு. போயிடலாம்."

"போகலாம். போய்க் கேட்டா உனக்கு லேசாகும். அவளுக்கு?"

கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மறக்கப் பாக்கறவகிட்டப் போய் 'நான் செஞ்சதை மறந்துடு'ன்னு சொன்னா, அது எதுல சேத்தி?"

"நான் வேணும்னு செய்யலப்பா."

"வேணும்னுதாம்மா செஞ்சே." குரல் உயரவில்லை. "வேணாம்னு நினைச்சு அவ்வளவு சரியா யாராலயும் செய்ய முடியாது."

கேபிள் சத்தம் நின்றது.

"அன்னிக்குப் பட்டியல் எழுதினப்ப நான் அவளைத் தனியாக் கேட்டேன். அதை எழுதலையாம்மான்னு. என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன?"

"எழுதினா அது இன்னும் இருக்குன்னு ஆயிடும்பா, அப்படின்னா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, 'நோட்டு இருக்கிற வீட்டுல அதைப் போய் எழுதணுமா'ன்னா."

யாரோ அவரைக் கீழிருந்து கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பதினைந்து வயதில் எனக்குப் பத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிப்படியில் எனக்கு எதிரே உட்கார்ந்து அவள் வாசிப்பாள். பால், பகல், பலகை, பாதை. திக்கினால் அந்தச் சொல்லை நான் முடித்துக் கொடுக்கக் கூடாது. அது ஒன்றுதான் என் வேலை. இரண்டு வருடம் தினமும் அரை மணி நேரம். மற்றவர்கள் பொறுமை இல்லாமல் "பழமா? பையா?" என்று எடுத்துக் கொடுப்பார்கள். நான் காத்திருப்பேன். அவள் உதட்டை, தாடையை, மூச்சைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பேன்.

அப்படிப் பார்த்ததால்தான் அன்று காலை அவ்வளவு துல்லியமாக எனக்கு வந்தது.

* * *

மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. ஆனாலும் போனேன். இதற்குச் சரியான காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆறாம் நடைமேடையின் கடைசிப் பெஞ்சில், ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து அறிவிப்பு அறை தெரியாது. ஒலிபெருக்கி மட்டும் தலைக்கு மேலே.

பக்கத்தில் ஒரு பெண்மணி இருந்தார். காலடியில் புதிய பிளாஸ்டிக் வாளிகள், ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு.

ஒரு மணிக்கு முதல் ஆள் வந்தார். டிக்கெட் பிரிவிலிருந்து ஓர் இளைஞர். யாரோ துரத்துவது போலச் சொன்னார்.

"இவன் சொல்றதுக்குள்ள வண்டி போயிடும் போல" என்றார் வாளிக்காரம்மா.

ஒன்று இருபதுக்கு இரண்டாவது ஆள். ஒரு பெண் குரல், ஒவ்வொரு சொல்லையும் இழுத்தது.

"இவ சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி திரும்பியே வந்துடும்."

சிரிப்பு வர வேண்டிய இடம். நான் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று நாற்பது. மணி ஒலித்தது. டிங், டாங். மைக் திறக்கும் 'டப்' சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று. நான் எண்ண விரும்பவில்லை. என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஐந்து. ஒலிபெருக்கியில் மூச்சு கேட்டது. ஏழு. உதடு ஒட்டிப் பிரியும் சிறிய சத்தம், வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மறுபடியும் அதே சத்தம். ஒன்பது.

"என்னாச்சு, மைக் புட்டுக்கிச்சா?" என்று வாளிக்காரம்மா அண்ணாந்து பார்த்தார். அவர் மட்டுமில்லை. நடைமேடையில் பலர் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

பதினொன்று.

"தடம் எண் நாற்பத்தெட்டு." அக்காவின் குரல். "ஆறாம் நடைமேடை. ஒரு மணி ஐம்பதுக்கு வண்டி கிளம்பும். ஏறுகிறவர்கள் வரலாம்."

பயணிகளின் கவனத்திற்கு என்பது இல்லை. பேருந்து இல்லை. புறப்படும் இல்லை. 'ப'வில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லையும் சுற்றிக்கொண்டு போனாள், தண்ணீர் தேங்கிய தெருவில் கல் கல்லாகக் கால் வைத்துப் போவது போல.

"அட, இது நல்லாருக்கே!" என்றார் வாளிக்காரம்மா. "வீட்டுல பேசற மாதிரி பேசுது. வண்டி, கிளம்பும், வரலாம்... இந்தப் பொண்ணையே போடலாம்."

எதிரில் நின்ற ஒருவரும் தலையாட்டினார். அந்த மொத்த நிலையத்தில், அவள் எதிலிருந்து தப்பி ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். துரத்தியவளும் நான்தான்.

இரண்டாவது அறிவிப்பு நல்லபடியாகப் போனது. மூன்றாவது, நான்காவது. குரலில் தெம்பு கூடியது. அக்கா தேறிவிடுவாள் என்று நினைக்கத் தொடங்கினேன்.

ஐந்தாவது வந்தது.

"தடம் எண் ஏழு. இரண்டாம் நடைமேடை. இரண்டு மணி..."

நின்றது. சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். தடம் எண் ஏழு: இரண்டு மணி பத்து நிமிடம்.

பத்துக்கு வேறு சொல் கிடையாது.

"இரண்டேகாலுக்கு..." என்றாள் அக்கா. "இரண்டேகாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி கிளம்பும்."

நடைமேடையில் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. "ஏறறதுக்கு முன்னாடி கணக்குப் போட வைக்குதே இது!" என்று வாளிக்காரம்மா தொடையில் தட்டிக்கொண்டார். யாரோ கைக்கடிகாரத்தைக் காட்டி நண்பனிடம் விளக்கினார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

* * *

இரண்டு ஐந்துக்கு அக்கா வெளியே வந்தாள். நான் தூணுக்குப் பின்னால் இருந்து எழுந்து, போய்விடலாமா நிற்கலாமா என்று நின்றேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

வாளிக்காரம்மா அதற்குள் தன் வண்டியில் ஏறியிருந்தார். அவர் இருந்த இடத்தில் அக்கா உட்கார்ந்தாள்.

"கடை இல்லையா உனக்கு?"

"இருக்கு. லேட்டாயிடுச்சு."

"கேட்டியா?"

"ம்."

"எல்லாமே?"

"ம்."

"அந்த ரெண்டேகால்?"

"ம்."

சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டாள். "மேனேஜர் சிரிச்சுட்டார். குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏன்மா இஷ்டத்துக்கு மாத்தினேன்னு கேட்டார். என்ன சொல்றது?"

"என்ன சொன்னே?"

"ஜனங்களுக்கு நெருக்கமா இருக்கட்டும்னு சொன்னேன்." உதட்டைக் கடித்தாள். "நம்பிட்டார். திங்கக்கிழமை மறுபடி ஒரு தடவை வரச் சொல்லியிருக்கார். எழுதிக் குடுத்ததை ஒரு எழுத்து மாறாம வாசிக்கணுமாம். அதோட முடிவு."

"அப்ப நாலு நாள் இருக்கு."

"இருக்கு."

"அக்கா, நாம உக்காந்து பழகலாம். தினமும். முன்னாடி செஞ்சோமே, மாடிப்படியில. நான் லீவு போடறேன். வகுப்புக்கும் போகல. நீ சொல்லு, நான் எதிர்ல உக்காந்து..."

"வேண்டாம்."

"ஒரு தடவை மட்டும் பாரேன். நான் ஒண்ணுமே பேச மாட்டேன்."

"நோட்டு." என் கையைப் பிடித்தாள். அவள் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. "உன் மேல கோவம் இல்ல எனக்கு. காலையில இருந்தது. வழியிலயே இறங்கிடுச்சு."

"அப்ப ஏன்?"

அவள் எதிர் நடைமேடையைப் பார்த்தாள்.

"அந்த அறைக்குள்ள உக்காந்தேன். மைக்கை அழுத்தினேன். வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எனக்குக் கேக்குது. உன் குரல். காலையில செஞ்சியே, அது. நான் சொல்லவேண்டிய சொல்லை எனக்கு முன்னாடி நீ சொல்ற, அந்த மாதிரி." நிறுத்தினாள். "இத்தனை வருஷமா எங்க நின்னாலும் நீ எதிர்ல இருக்கிறதா நினைச்சுக்குவேன். அதான் எனக்கு மருந்து. யார்கிட்டயும் சொன்னதில்ல. இனிமே உன்னை நினைச்சா அது வருது."

"மன்னிச்சுடுக்கா."

"மன்னிச்சாச்சு. காலையிலயே." சாதாரணமாகச் சொன்னாள், உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று சொல்வது போல. "ஆனா அதால அது நிக்கலையே."

அப்பா சொன்னதில் பாதிதான் சரி. மன்னிப்புக் கேட்டேன், கிடைத்துவிட்டது. எனக்கும் லேசாகவில்லை.

"திங்கக்கிழமை வரைக்கும்," என்று தொடங்கினேன். "காலையில நான் அஞ்சரைக்கே வெளியில போயிடறேன். சாயங்காலமும் எட்டு மணிக்கு மேலதான் வருவேன். வீடு உனக்கு."

"எங்க இருப்பே அவ்வளவு நேரம்?"

"இருப்பேன் எங்கயாவது."

அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"சரி" என்றாள்.

தலைக்கு மேலே மணி ஒலித்தது. குரல் தேர்வு முடிந்து, மைக்கம்மா தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். முப்பது வருடம் பழகிய குரல், ஒரு மடிப்பும் இல்லாமல் வந்தது.

"பயணிகளின் கவனத்திற்கு..."

அக்காவின் உதடு அசைந்தது. சத்தமில்லாமல், அந்தக் குரலோடு சேர்ந்து. ஒட்டிப் பிரிந்தது, மறுபடி ஒட்டியது. அடுத்த சொல்லுக்குப் போகப் போனவள், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். உதடு மூடிக்கொண்டது.

நான் எழுந்தேன். பையை மாட்டிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, நடைமேடையின் கடைசி வரை நடந்தேன். மைக்கம்மா அதே அறிவிப்பை இரண்டாவது முறை சொல்லத் தொடங்கினார்.

பின்னால் அக்கா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பவில்லை.